விலாசம் மாறாத குடிபெயர்ப்பு

மதுரை மாநகரில் 1901-ஆம் ஆண்டு பாண்டித்துரைத் தேவர் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். அடுத்த ஆண்டில் அச்சங்கத்தின் மாதப் பத்திரிகையாகிய ‘செந்தமிழ்’, ரா. இராகவையங்காரை ஆசிரியராகக் கொண்டு வெளிவரத் தொடங்கியது. அதன் பழைய சஞ்சிகைகளில் உள்ள கட்டுரை ஒன்றை இன்றைக்கு ஓர் ஆராய்ச்சி மாணவர் மேற்கோள் காட்ட விரும்பினால், தொகுதி இன்னது, பகுதி இன்னது, பக்கம் இன்னது என்று மூன்று எண்களைக் குறித்துவிட்டால் போதும். அந்தச் சஞ்சிகை தமிழ்ச் சங்கம் சாலையில் இருக்கிறதா, சென்னையில் ஒரு நூல்நிலையத்தில் இருக்கிறதா, கிராமத்துப் புலவர் ஒருவர் வீட்டுப் பரணில் இருக்கிறதா என்பதைப் பற்றி அந்த மூன்று எண்களுக்குக் கவலையில்லை. பிரதி எங்கே குடியிருந்தாலும் கட்டுரையின் விலாசம் ஒன்றே.

இணையத்தில் நடைபெறும் ஆய்விதழ்களுக்கு இந்தப் பாக்கியம் இயல்பாகக் கிடைப்பதில்லை. அங்கே கட்டுரையின் விலாசம் என்பது அது தங்கியிருக்கும் இடத்தின் விலாசமே. இடம் மாறினால் விலாசமும் மாறும். விலாசம் மாறினால், அதை நம்பி எத்தனையோ ஆய்வேடுகளின் அடிக்குறிப்புகளில் அச்சாகிவிட்ட வரிகளெல்லாம் ஒரே நாளில் பொய்த்துப்போகும். அவ்வாறு பொய்க்காதபடி இதழ்களை ஒரு சர்வரிலிருந்து மற்றொரு சர்வருக்குக் கொண்டுசேர்ப்பதே நான் மதுரையில் இருந்துகொண்டு பல வருஷங்களாகச் செய்துவரும் தொழில். அதில் கண்ட சில விஷயங்களை எழுதிவைப்பது, இதழ் நடத்தும் ஆசிரியப் பெருமக்களுக்கும் இத்தொழிலுக்குப் புதிதாக வரும் இளைஞர்களுக்கும் பிரயோஜனப்படலாம்.

நான் இத்தொழிலுக்கு வந்தது டி.டி.பி. கடையின் வழியாக. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1966-இல் ஏற்பட்ட பிறகு, நாகமலைக்கு அருகில் பல்கலை நகர் எழுந்தது. அமெரிக்கன் கல்லூரி, மதுரைக் கல்லூரி, டோக் பெருமாட்டி கல்லூரி, பாத்திமா கல்லூரி, தியாகராசர் கல்லூரி என்று நகருக்குள்ளும் வித்தியாசாலைகளுக்குக் குறைவில்லை. ஆகவே ஆய்வேடு டைப் செய்து, பக்கம் அமைத்து, பைண்டு செய்து தருகிற கடைகளுக்கு இங்கே எப்போதும் வேலை இருந்தது. ஆய்வேடு கொண்டுவந்தவர்கள் பிறகு பேராசிரியர்கள் ஆனார்கள்; பேராசிரியர்கள் ஆய்விதழ் தொடங்கினார்கள்; அச்சுச் செலவு தாங்காமல் இதழ்கள் இணையத்துக்குப் போயின; இதழ்களோடு நானும் போனேன்.

ஆய்விதழ் என்பது வெறும் கட்டுரைக் குவியல் அன்று. கட்டுரை அனுப்புகிறவர், அதைப் படித்து அபிப்பிராயம் சொல்லும் மதிப்புரையாளர், இருவருக்கும் நடுவே நின்று முடிவு செய்யும் பதிப்பாசிரியர், மெய்ப்புத் திருத்துகிறவர், வாசகர் ஆகிய இத்தனை பேரும் சேர்ந்த ஒரு சமூகம் அது. இந்தச் சமூகம் முழுவதையும் ஒரே கூரையின்கீழ் நடத்துவதற்கென்று கனடா தேசத்தில் ஒரு மென்பொருள் உண்டாயிற்று. ஜான் வில்லின்ஸ்கி என்னும் கல்வியாளர் 1998-இல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பொது அறிவுத் திட்டத்தின் விளைவாக 2001-இல் வெளிவந்த அதனை, ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ் என்ற முழுப் பெயரால் இங்கே யாரும் அழைப்பதில்லை, ஓ.ஜே.எஸ். என்றே சொல்வார்கள். விலையில்லாதது, யாரும் எடுத்துத் தம் சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். மென்பொருளுக்குத்தான் விலையில்லையே தவிர, அது தங்குகிற சர்வருக்கு ஆண்டுதோறும் வாடகை உண்டு, அதைப் பராமரிக்கிறவருக்குக் கூலி உண்டு. இந்த இரண்டு செலவுகளையும் யோசியாமல் தொடங்கப்பெற்ற இதழ்களே பெரும்பாலும் என்னிடம் வந்து சேர்ந்தன.

வந்து சேர்வதற்குக் காரணங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. பழைய ஓ.ஜே.எஸ்., அது எழுதப்பட்ட பி.எச்.பி. மொழியின் பழைய பதிப்பில் ஓடிக்கொண்டிருக்கும், சர்வர்க்காரர் ஒரு நாள் பி.எச்.பி.யைப் புதுப்பிப்பார், இதழின் முகப்பு வெள்ளைக் காகிதமாகிவிடும். அல்லது, பாதுகாப்புக் குறையைப் பயன்படுத்தி யாரோ நுழைந்து, சூதாட்ட விளம்பரங்களைத் திணித்திருப்பார்கள். சங்க இலக்கியக் கட்டுரையைத் தேடி வந்தவர் சீட்டாட்ட அழைப்பைக் கண்டு திகைப்பார். அல்லது, சைட்டை அமைத்துக்கொடுத்த மாணவர் படிப்பு முடித்து வெளிநாடு போயிருப்பார். பாஸ்வேர்டும் அவரோடு கடல் கடந்திருக்கும்.

இப்படி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது கட்டுரைகளைப் பற்றி அன்று, “டொமைன் யார் பெயரில் இருக்கிறது, ஐயா?” என்பதே. ஒரு முறை மூத்த பேராசிரியர் ஒருவர், “கல்லூரிப் பெயரில்தானே இருக்கும், தம்பி? பணம் நாங்கள்தானே கட்டினோம்?” என்றார். பார்த்தால், அது சைட் அமைத்த கடைக்காரர் ஒருவரின் சொந்த மெயிலில் பதிவாகியிருந்தது. கடையோ மூடி வெகுகாலமாகியிருந்தது. பணம் கட்டியவருக்கும் பதிவில் உள்ளவருக்கும் சம்பந்தமில்லாத இந்த நிலை, வாங்கிய நிலத்தைப் பத்திரம் பதியாமல் அநுபவித்து வருவதற்குச் சமானம்.

இதில் உள்ள அபாயம் கொஞ்சநஞ்சம் அன்று. காலாவதியான டொமைனை வேறொருவர் வாங்கி, அதே பெயர், அதே ஐ.எஸ்.எஸ்.என். எண், அதே அட்டைப்படத்தோடு போலி இதழ் நடத்திக் காசு பறிப்பது உலகெங்கும் நடைபெறும் மோசடி. பல்கலைக்கழக மானியக் குழு 2019 முதல் நடத்திவந்த ஏற்புடைய ஆய்விதழ்களின் ‘கேர்’ பட்டியலிலேயே, இன்னின்ன இதழ்களுக்குக் குளோன் உண்டு, ஜாக்கிரதை என்று தனியே அறிவிக்க வேண்டிய அவசியம் நேர்ந்தது. 2025 பிப்ரவரியில் அந்தப் பட்டியலே கைவிடப்பட்டது. அதனால் போலிகளும் போய்விட்டதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. எனவே டொமைன் ஸ்தாபனத்தின் பெயருக்கும், ஒரு தனிமனிதருடையதாக அல்லாத மெயில் முகவரிக்கும் மாறும் வரையில் நான் வேறு எந்த வேலையையும் தொடங்குவதில்லை. அவசரப்படுகிறவர்கள் கோபித்துக்கொள்வதுண்டு. வீட்டைக் கட்டுமுன் மனை யாருடையது என்று பார்ப்பதில் குற்றமில்லை என்று சொல்லிப் பொறுத்துக்கொள்வேன்.

அடுத்தது கணக்கெடுப்பு. எத்தனை இதழ்கள், ஒவ்வொன்றிலும் எத்தனை கட்டுரைகள், ஒவ்வொரு கட்டுரைக்கும் பி.டி.எஃப். இருக்கிறதா என்று பட்டியல் போட்டுவிட்டு, ஒவ்வொரு ஃபைலுக்கும் செக்சம் என்னும் சரிபார்ப்பு எண்ணை எடுத்துவைக்க வேண்டும். புதிய இடத்தில் போய்ச் சேர்ந்த ஃபைலுக்கும் அதே எண் வந்தால், ஓர் எழுத்தும் பழுதுபடவில்லை என்று நிச்சயமாகச் சொல்லலாம். தமிழிலேயே பெயரிட்ட ஃபைல்களிடம் தனிக் கவனம் வேண்டும். அவற்றை ஜிப் செய்து வேறொரு கம்ப்யூட்டரில் பிரிக்கும்போது பெயர்கள் சிதைந்து, எந்தக் கட்டுரை எது என்று உள்ளே திறந்து பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டிய நிலை வருவதுண்டு.

இனி எழுத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழ் இதழைக் குடிபெயர்ப்பதில் உள்ள பெருஞ்சிரமம் இதுவே. யு.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளில் அமைகிறது. கட்டுரைத் தலைப்புகளும் சுருக்கங்களும் தங்கும் மை-எஸ்க்யூ-எல் டேட்டாபேஸோ, சுவீடன் நாட்டுக் கம்பெனி ஒன்றில் பிறந்த காரணத்தால், 2018-இல் எட்டாம் பதிப்பு வரும்வரை, நாமாக வேறு சொல்லாவிட்டால் லத்தீன் எழுத்துத் தொகுதியையும் சுவீடிஷ் அகரவரிசையையுமே எடுத்துக்கொண்டது. பழைய இதழ்கள் பலவற்றில் தமிழ் இந்த லத்தீன் பெட்டிகளில்தான் அடைபட்டுக் கிடந்தது. வைத்த வழியிலேயே எடுத்தவரையில் தமிழாகவே தெரிந்தது. பேக்கப் எடுத்துப் புதிய டேட்டாபேஸில் இறக்கும்போதுதான், அங்குள்ள மென்பொருள் அதை நிஜமான லத்தீன் என்று நம்பி மறுபடியும் மாற்றிவிட, ஓர் ‘அ’ இருந்த இடத்தில் மூன்று அந்நியக் குறிகள் வந்து நிற்கும். தலைப்புகளெல்லாம் இப்படி ஆகிவிட்டதைப் பார்த்த ஓர் ஆசிரியை, “எல்லாம் அழிந்தே போய்விட்டதா, தம்பி?” என்று கண்கலங்கினார். “அழியவில்லை, அம்மா, எழுத்துகள் பத்திரமாக இருக்கின்றன, படிக்கும் முறைதான் தவறியிருக்கிறது” என்று சொல்லி, பேக்கப்பை எழுத்து மாற்றம் செய்யாமல் அப்படியே எடுக்கச் செய்து, யு.டி.எஃப்.-8 என்று பெயர் சூட்டி இறக்கியபோது தமிழ் முழுவதும் திரும்ப வந்தது.

இதைவிடக் கடினமானது பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அமைந்த கட்டுரைகளின் நிலை. அவற்றில் கண்ணுக்குத் தெரிவது தமிழ். கம்ப்யூட்டர் அறிவதோ ஆங்கில எழுத்துகளின் குறியெண்கள். ஆகவே தேடினால் அகப்படாது. நகலெடுத்தால் ஆங்கிலக் குப்பையாக விழும். யூனிகோடுக்கு மாற்றிவிடுவதற்கு மாற்றிகள் உண்டு. ஆனால் முழுக் கட்டுரையையும் ஒரே வீச்சில் மாற்றியில் போட்டால், இடையிடையே வரும் ஆங்கில நூற்பெயர்களும் ஆசிரியர் பெயர்களும் அதே குறியெண்களில் இருப்பதால், அவையும் தமிழாக மாறி அர்த்தமற்ற எழுத்துக் கோவைகளாகிவிடும். துணைநூற்பட்டியல் முழுவதும் இப்படி ஆன கட்டுரைகளை நான் கண்டிருக்கிறேன். வேர்டு ஃபைல் கிடைத்தால், எந்தச் சொல் எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று பார்த்து, பாமினியில் உள்ளதை மட்டும் மாற்றலாம். வேர்டு ஃபைலைப் பத்திரப்படுத்தாமல் பி.டி.எஃப். மட்டும் வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் கடினம், சில வேளை மறுபடி டைப் செய்யவே நேரும். யூனிகோடிலேயே எழுதியவற்றிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ‘கொ’ என்பதன் கொம்பும் காலும் ஒரே குறியாகவும் வரலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் வரலாம்; பார்வைக்கு வேற்றுமையில்லை; தேடுபொறிக்கு வேற்றுமை உண்டு. இவற்றை ஒருமுகப்படுத்திவிட்டே புதிய இடத்தில் ஏற்ற வேண்டும்.

இந்த விஷயத்தில் எனக்குத் தைரியம் கொடுத்தது நம் ஊரின் பெயரைத் தாங்கிய மதுரைத் திட்டத்தின் வரலாறு. 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய அத்திட்டத்தை முன்னின்று நடத்தியவர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த ரசாயன விஞ்ஞானி கல்யாணசுந்தரம். அவருக்குத் துணைநின்ற குமார் மல்லிகார்ஜுனன் அமெரிக்காவில் இருந்தார். பல தேசங்களிலிருந்த தன்னார்வலர்கள் ஊதியமின்றித் தட்டச்சு செய்த பழந்தமிழ் நூல்கள், கல்யாணசுந்தரமே உண்டாக்கிய மயிலை, முத்து நெடுமாறனின் இணைமதி ஆகிய எழுத்துருக்களின் காலத்தில் தொடங்கி, டிஸ்கி என்னும் பொதுக் குறியீட்டுக்கு மாறி, அதன்பின் யூனிகோடுக்கும் மாறின. தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது 2010-இல். அதற்கு முன்பே அந்த நூல்கள் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டன. அலங்காரம் மிகுந்த பக்கங்களாக அன்றி எளிய உரைவடிவில் இருந்தமையாலும், அந்த உரை பலர் கைக்குப் பிரதியாகச் சென்றிருந்தமையாலும், அவை ஒவ்வொரு மாற்றத்தையும் தாண்டி நின்றன. இதற்கு நேர்மாறாக, ஜியோசிட்டீஸ் என்னும் இலவச இடத்தை யாஹூ கம்பெனி 2009-இல் மூடியபோது, அங்கே குடியிருந்த தமிழ்ப் பக்கங்கள் பல விலாசத்தோடு சேர்ந்து மறைந்தன.

ஆசிரியர்களின் பெயர்களையும் ஒழுங்குபடுத்த வேண்டும். மேல்நாட்டு வழக்கப்படி பெயர் ஒரு கட்டத்திலும் குடும்பப்பெயர் மற்றொரு கட்டத்திலும் போட வேண்டும் என்று பழைய ஓ.ஜே.எஸ். வற்புறுத்தியது. தலைப்பெழுத்தும் பெயருமாக வாழ்கிற நம்மவர்கள் என்ன செய்வார்கள்? ஒருவர் தந்தை பெயரைக் குடும்பப்பெயர் ஆக்கினார்; ஒருவர் தலைப்பெழுத்தைப் போட்டார்; இன்னொருவர் தம் பெயரையே இரண்டு கட்டத்திலும் எழுதினார். அதனால் ஒரே அறிஞர் மூன்று ஆசாமிகளாகப் பட்டியலில் நின்றார். பிற்காலப் பதிப்புகளில் குடும்பப்பெயர் கட்டாயமில்லை என்று ஆனது பெரிய உபகாரம். அவரவர் தம்மைக் குறிக்கும் வடிவத்தை அவர்களிடமே கேட்டு எழுதுவதே முறை. நாமாக ஊகித்துத் திருத்துவது உசிதமன்று.

இப்போது தொடங்கிய இடத்துக்கு, அதாவது விலாசத்துக்கு வருவோம். ஓ.ஜே.எஸ். ஒவ்வொரு கட்டுரைக்கும் ஓர் எண் தருகிறது. விலாசத்தின் கடைசியில் நிற்பது அந்த எண்ணே. டேட்டாபேஸை முழுதாகப் பெயர்த்துக்கொண்டு போனால் எண்கள் மாறாமல் இருக்கும். கட்டுரைகளை எக்ஸ்.எம்.எல். ஆக எடுத்துப் புதிய இடத்தில் இறக்கினால், வேலை சுலபம்போல் தோன்றும். ஆனால் புதிய சர்வர் தன் வரிசைப்படி புதிய எண்களைக் கொடுத்துவிடும். அப்போது பழைய விலாசம் ஒன்றுக்குப் புதிய விலாசம் ஒன்றென்று அட்டவணை எழுதி, பழையதைத் தட்டுகிறவரைப் புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும்படி சர்வருக்குக் கட்டளையிட வேண்டும். இதற்கு 301 என்ற ரீடைரக்ட் உண்டு. பழைய சைட் அடியோடு போய்விட்ட சந்தர்ப்பங்களில், இன்டர்நெட் ஆர்கைவ் ஸ்தாபனத்தார் சேமித்துவைத்திருக்கும் பழைய பிரதிகளிலிருந்து விலாசங்களைத் திரட்டியிருக்கிறேன்.

இந்தச் சங்கடங்களையெல்லாம் முன்பே உணர்ந்த பதிப்பாளர்கள் கண்ட வழிதான் டி.ஓ.ஐ. எண். 2000-ஆம் ஆண்டில் உண்டான கிராஸ்ரெஃப் போன்ற அமைப்புகளின் வாயிலாகக் கட்டுரைக்கு, 10 என்று தொடங்கும் ஓர் எண் பதிவாகிறது. மேற்கோள் காட்டுகிறவர் அந்த எண்ணையே குறிக்கிறார். கட்டுரை இடம் மாறினால், புதிய இடத்தை அந்த அமைப்புக்குத் தெரிவித்துவிட்டால் போதும், எண் தானே அங்கே அழைத்துச் செல்லும். செந்தமிழின் தொகுதி, பகுதி, பக்கம் என்ற மூன்று எண்கள் எந்தச் சுதந்திரத்தைக் கட்டுரைக்குக் கொடுத்தனவோ, அதே சுதந்திரத்தை இணையத்தில் மறுபடி சம்பாதித்துக் கொடுப்பதே இதன் நோக்கம். ஒரு வித்தியாசம் உண்டு: அச்சு இதழின் எண் யார் உழைப்பும் இன்றி நிலைத்திருக்கும்; டி.ஓ.ஐ. எண், இடமாற்றத்தைத் தெரிவிக்க ஓர் ஆள் இருக்கும்வரைதான் உண்மை பேசும். கட்டணம் கட்டி எண் வாங்கிவிட்டு, சர்வர் மாறியபோது தெரிவிக்க மறந்த இதழ்களின் எண்கள் இன்றும் ஆளில்லாத கதவைத் தட்டிக்கொண்டிருக்கின்றன.

மாற்றத்துக்கு நாள் குறிப்பதில் ஜோசியம் தேவையில்லை. ஆனாலும் காலம் பார்க்க வேண்டும். முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு சமர்ப்பிக்கும்முன் ஒரு கட்டுரையேனும் வெளியாகியிருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016-ஆம் ஆண்டு விதிகள் சொல்லின. 2022 விதிகள் அந்தக் கட்டாயத்தை நீக்கின. ஆயினும் நேர்முகத் தேர்வுக்கும் பதவி உயர்வுக்கும் விண்ணப்பிக்கிறவர்கள் தங்கள் கட்டுரையின் லிங்கைக் காட்டியாக வேண்டியிருக்கிறது. அந்தச் சமயத்தில் சைட் மூடிக்கிடந்தால் ஒருவருடைய ஜீவனம் பாதிக்கப்படலாம். ஆகையால் இதழ் வெளியாகி, புதிய கட்டுரைகள் குறைவாக வரும் வாரத்தையே தேர்ந்தெடுப்பேன். சில நாட்களுக்கு முன்பே, பிற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் டொமைன் விவரத்தின் ஆயுளை 86,400 விநாடி போன்ற அளவிலிருந்து 300 விநாடியாகக் குறைத்துவிட்டால், மாற்றிய ஐந்தாறு நிமிஷங்களில் பெரும்பாலோர் புதிய இடத்துக்கு வந்துவிடுவார்கள். பெயர்ச்சி நடக்கும்போது பழைய இடத்தில் கட்டுரை வாங்குவதை நிறுத்திவைக்க வேண்டும். இல்லையேல் அந்த இடைவெளியில் வந்த கட்டுரை புதிய இடத்துக்கு வராமல் பழைய இடத்திலேயே நின்றுவிடும்.

ஃபைல்கள் போய்ச் சேர்ந்துவிட்டதால் இதழ் போய்ச் சேர்ந்துவிட்டதென்று எண்ணக் கூடாது. புதிய சர்வரிலிருந்து கிளம்பும் மெயில்களை மற்ற மெயில் கம்பெனிகள் சந்தேகத்தோடு பார்க்கும். இந்த டொமைனின் பேரால் மெயில் அனுப்ப இந்தச் சர்வருக்கு உரிமை உண்டு என்று எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். பதிவுகளைச் செய்யாவிட்டால், மதிப்புரைக்கான அழைப்புகளெல்லாம் ஸ்பாமில் போய் விழும். பதிப்பாசிரியர், மதிப்புரையாளர் அசட்டையாக இருக்கிறார் என்று நினைப்பார். மதிப்புரையாளர், தம்மை மறந்துவிட்டார்கள் என்று நினைப்பார். இருவரும் பல வருஷம் பழகியவர்களாக இருந்தாலும், ஒரு பதிவின் குறையால் மனஸ்தாபம் உண்டாகிவிடும். அதனால் பெயர்ச்சிக்கு முன்னும் பின்னும் முக்கியமானவர்களை நான் போனில் அழைத்தே சொல்லிவிடுவேன். “மெயில் வந்ததா, ஐயா?” என்று கேட்டு, வந்தது என்ற பதில் கிடைத்த பிறகே அந்தப் பெயருக்கு எதிரே குறியிடுவது வழக்கம்.

முதியவர்களுக்குப் புதிய திரை பழகுவதும் ஒரு பிரச்னையே. ஓ.ஜே.எஸ். மூன்றாம் பதிப்பு 2016-இல் வந்தபோது பொத்தான்களும் பட்டியல்களும் முழுக்க இடம் மாறின. தமிழ்த்துறைத் தலைவராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், “எனக்கு இந்த மெனு எல்லாம் வேண்டாம், தம்பி, கட்டுரையைப் பிரிண்ட் எடுத்து அனுப்புங்கள், சிவப்பு மையில் எழுதித் தருகிறேன்” என்றார். அவருடைய மதிப்புரை ஒரு பக்கம் வந்தால் அந்தக் கட்டுரைக்குக் கிடைக்கும் செழுமை அலாதியானது. அதை இழப்பது இதழுக்கு நஷ்டம் என்பதால், அவர் கையெழுத்தில் தந்ததைத் திரையில் ஏற்ற உதவியாசிரியர் ஒருவரை நியமிக்கச் சொன்னேன். அதே சமயத்தில் மனிதரல்லாத போலிக் கணக்குகள் ஆயிரக்கணக்கில் பழைய டேட்டாபேஸில் பதிந்திருக்கும்; அவற்றைக் கழித்துவிட்டு, நிஜமான அங்கத்தினரை மட்டும் கொண்டுபோக வேண்டும்.

புதிய இடம் சரியாக நடக்கத் தொடங்கிய பிறகும் பழைய சர்வரின் வாடகையைச் சில மாதங்களுக்குக் கட்டச் சொல்வேன். அது வீண்செலவு என்று பொருளாளர்கள் ஆட்சேபிப்பார்கள். பழைய இடத்தில் எவர் எந்தக் கதவைத் தட்டுகிறார் என்று அந்தச் சர்வரின் குறிப்பேடு காட்டிக்கொடுக்கும். அட்டவணையில் விட்டுப்போன விலாசங்கள் அதிலிருந்தே தெரியவரும். அவற்றையும் சேர்த்து முடித்த பின்னரே பழைய இடத்தைக் காலி செய்யலாம்.

இவ்வளவும் செய்து முடித்துக் கணக்கை ஒப்படைக்கும்போது, பதிப்பாசிரியர்கள் தவறாமல் ஒன்று கேட்பார்கள்: “இனிமேல் மாற்ற வேண்டியிராதே?” மாற்ற வேண்டியிராது என்று சொல்வது நேர்மையாகாது. சர்வர்களுக்கும் மென்பொருளுக்கும் கம்பெனிகளுக்கும் ஆயுள் குறைவு. ஆய்வுக்கட்டுரைக்கோ, செந்தமிழில் நூறாண்டுக்கு முன் வந்தவற்றை இன்றும் படிக்கிறோம் என்பதைப் பார்த்தால், ஆயுள் மிக நீளம். குறைந்த ஆயுள் உள்ள இடத்தில் நீண்ட ஆயுள் உள்ள பொருளை வைத்திருக்கும்வரை பெயர்ச்சி இருந்துகொண்டுதான் இருக்கும். எனவே புதிய இடம் தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: அங்கே என்னென்ன வசதிகள் உண்டு என்று கேட்குமுன், அங்கிருந்து புறப்பட நேர்ந்தால் கட்டுரைகளையும் அங்கத்தினர் விவரங்களையும் எந்த வடிவில் திருப்பிக் கொடுப்பார்கள் என்று கேளுங்கள், அதற்கு எழுத்துமூலம் விடை தருகிறவரிடமே இதழை ஒப்படையுங்கள்.